பொது முடக்கத்தின் செலவும் மக்களின் பொறுமையும்

(புது டில்லியில் பயிற்சி பெற்றுவரும் இளம் அலுவலர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொரோனாப் பெருந்தொற்றின்போது விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகளின்மீது பொதுமக்கள் கொண்ட அதிருப்தியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இப்பொருளை வழக்கமாக இரு கோணங்களில் அணுகுவதுண்டு. மக்கள் ஏன் உத்தரவை மீறினார்கள், அவர்களை எவ்வாறு கட்டுப்படுத்தியிருக்கலாம் என்று பார்ப்பது காவல் துறையின் கோணம். அரசின் நோக்கத்தை இன்னும் தெளிவாக எடுத்துரைத்திருக்கலாமே என்று வருந்துவது விளம்பரத் துறையின் கோணம். நான் பொருளாதாரம் பயின்றவன். கோப்புகளோடு நெடுங்காலம் பழகியவன். அந்த அதிருப்தியை ஒரு கணக்கு விவரமாகப் படித்தால் நமக்கு அதிகப் பயன் உண்டு என்பது என் அபிப்பிராயம். முடக்கத்தினால் யாருக்கு எவ்வளவு செலவாயிற்று, அதில் எவ்வளவை அரசு ஈடு செய்தது, மீதியை யார் சுமந்தார்கள் என்னும் கேள்விகளுக்கு மக்கள் தெருவில் நின்று விடை சொன்னார்கள். நாம் அதைக் கூச்சல் என்று எழுதிக் கோப்பை மூடினோம்.

உங்களில் பலர் அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்திருப்பீர்கள். ஆகவே நாட்களைச் சற்று நினைவூட்டுகிறேன். 2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமையன்று மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் முடக்கம் என்று அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது நான்கு மணி நேரம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உத்தரவு பிறந்தது. பின்னர் அது மே 3 வரை, மே 17 வரை, மே 31 வரை என மும்முறை நீட்டிக்கப்பட்டது. ஆக மொத்தம் 68 நாட்கள்.

முடக்கமே தேவையற்றது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களோடு நான் உடன்படவில்லை. மார்ச் மாதத்தில் நம் நாட்டில் மருத்துவர்களும் செவிலியர்களும் அணிய வேண்டிய பாதுகாப்பு உடைகள் பெயரளவுக்குக்கூடத் தயாராகவில்லை. மே மாத நடுவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் உடைகள் தயாராயின. சோதனைக்கூடங்கள் பெருகின, படுக்கைகள் ஒதுக்கப்பட்டன. முடக்கம் என்பது நோயை ஒழிக்கும் மருந்தன்று. அது காலத்தை விலைக்கு வாங்கும் ஏற்பாடு. வாங்கிய காலம் வீணாகிவிடவில்லை. எத்தனை உயிர்கள் காக்கப்பட்டன என்ற விவாதத்துக்குள் நான் இறங்கவில்லை. விலைக்கு வாங்கினோம் என்றால் விலையை யார் கொடுத்தார் என்று கேட்பது பொருளாதாரம் படித்தவனின் கடமை. அதை மட்டும் கேட்கிறேன்.

இவ்விடத்தில் மக்கள் கேட்ட ஒரு கேள்வியைக் குறிப்பிட வேண்டும். முடக்கம் தொடங்கிய நாளில் நாடு முழுவதும் கண்டறியப்பட்டிருந்த நோயாளிகள் ஏறக்குறைய 600 பேர். மே மாத இறுதியில் அந்த எண்ணிக்கை 1 லட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்போதுதான் கதவுகள் திறக்கப்பட்டன. செப்டம்பர் நடுவில் ஒரே நாளில் 97 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டபோது கடைத்தெருக்கள் திறந்தே இருந்தன. அறுநூறு பேர் இருந்தபோது அடைத்தீர்கள், லட்சக்கணக்கில் ஆனபோது திறந்தீர்கள், இது என்ன நியாயம் என்று தேநீர்க் கடையில் கேட்டவரை அறியாதவர் என்று நாம் தள்ளிவிட முடியாது. முடக்கத்தின் நன்மை ஆரம்ப நாட்களில் அதிகம். நாளாக ஆகக் குறையும். அதன் செலவோ நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இரண்டும் சந்திக்கும். அதற்குமேல் தாங்க முடியாது. இந்த எளிய உண்மையை நாம் மக்களிடம் சொல்லவில்லை. முதலில், இருபத்தொரு நாள் பொறுத்தால் நோய் அகலும் என்ற எண்ணத்தை வளர்த்தோம். பிறகு நோயோடு வாழப் பழக வேண்டும் என்றோம். இடையில் கணக்கு மாறியது ஏன் என்பதைச் சொல்லாமல் விட்டோம்.

இனிச் செலவுக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவிகிதம் வீழ்ந்தது என்று அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று வெளியான முதல் மதிப்பீடு கூறியது. ஆண்டு முழுவதற்குமான வீழ்ச்சி, பிந்தைய திருத்தங்களின்படி 5.8 சதவிகிதம். இந்த ஒற்றை எண்களைவிடத் துறைவாரியான எண்களே எனக்கு அதிகம் பேசுகின்றன. அக்காலாண்டில் கட்டுமானத் துறை 50.3 சதவிகிதமும், வாணிபம், உணவு விடுதிகள், போக்குவரத்து, தகவல் தொடர்பு ஆகியவை சேர்ந்த பிரிவு 47 சதவிகிதமும், தொழில் உற்பத்தி 39.3 சதவிகிதமும் சரிந்தன. வேளாண்மை மட்டும் 3.4 சதவிகிதம் வளர்ந்தது. ராபி அறுவடைக்கு நல்லவேளையாகத் தொடக்கத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. கட்டுமானத்திலும் சில்லறை வாணிபத்திலும் சிறு உணவு விடுதிகளிலும் யார் வேலை செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எந்தத் துறைகளில் வேலை நிலையற்றதோ, எங்கே கூலி அன்றாடம் கணக்குத் தீர்க்கப்படுகிறதோ, அங்கேதான் வீழ்ச்சி மிகுதி.

2019-20ஆம் ஆண்டின் தொழிலாளர் ஆய்வின்படி, நாட்டில் வேலையில் இருப்போரில் மாதச் சம்பளம் அல்லது ஒழுங்கான ஊதியம் பெறுவோர் ஏறத்தாழ 23 சதவிகிதமே. ஏறக்குறைய 24 சதவிகிதம் பேர் தினக்கூலிகள். பாதிக்கு மேற்பட்டோர் சொந்தத் தொழில் செய்வோர். சொந்தத் தொழில் என்றவுடன் ஆலை அதிபரை நினைக்க வேண்டாம்; தள்ளுவண்டியும் தையல் இயந்திரமும் அதில் அடக்கம். ஆக, நான்கு பேரில் மூவருக்கு வேலை நின்றால் வருமானம் நிற்கும். அந்தக் காலாண்டில் நகரங்களில் வேலையின்மை ஏறத்தாழ 21 சதவிகிதம் என்று அதே ஆய்வு கண்டது.

உத்தரவுகளை எழுதிய நாம் எஞ்சிய அந்த நான்கில் ஒரு பங்கைச் சேர்ந்தவர்கள். எனக்கு அந்த 68 நாட்களில் ஒரு நாள் சம்பளமும் குறையவில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2020 ஜனவரி முதல் சேர வேண்டிய அகவிலைப்படியின் மூன்று தவணைகள் நிறுத்திவைக்கப்பட்டன. 17 சதவிகிதத்தில் நின்றது 2021 ஜூலையில்தான் 28 ஆயிற்று. அதற்கே எங்கள் அலுவலகத்தில் எழுந்த முணுமுணுப்பை நான் அறிவேன். நானும் முணுமுணுத்தவர்களில் ஒருவன். பதினோரு சதவிகிதம் தாமதமானதற்கு நாம் அவ்வளவு வருந்தினோம் என்றால், நூறு சதவிகிதமும் நின்றுபோனவரிடம் பொறுமையை உபதேசிக்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். நான் குடியிருந்த அரசுக் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் ஒருவர் இஸ்திரி போட்டு வந்தார். கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர். மனைவியும் இரு குழந்தைகளும் உடன் இருந்தனர். உருப்படிக்கு ஐந்து ரூபாய். முடக்கத்தின் முதல் வாரத்தில் காவலர்கள் அவரது மேசையை மடக்கிவைக்கச் சொன்னார்கள். மே மாதத்தில் தடை தளர்ந்தது, மேசை விரிக்கப்பட்டது, கரி மூட்டப்பட்டது. ஆனால் துணி வரவில்லை. நாங்கள் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தோம். சட்டையை மடிப்புக் கலையாமல் அணிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. தடையினால் போன வருமானத்தைத் தடை நீங்கினால் மீட்கலாம் என்று நாம் உத்தரவுகளில் கருதினோம். அவரது வருமானம் தடையோடு போய், தடை நீங்கிய பின்பும் திரும்பாமலிருந்தது.

மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு நாள் அவரோடு பேசினேன். அரசு இலவசமாகத் தானியம் தருகிறதே, வாங்கவில்லையா என்று கேட்டேன். “ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறது, சாஹப்” என்றார். வங்கிக் கணக்கு? மனைவியின் ஜன்தன் கணக்கு ஊர்க் கிளையில் இருந்தது. அதில் விழுந்த ஐந்நூறு ரூபாயை எடுக்கும் அட்டை மாமியாரிடம் இருந்தது. டில்லி அரசு கார்டு இல்லாதவர்களுக்கும் தானியம் தந்தது என்பது உண்மை. அதற்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எதிர்வீட்டுப் பையன் ஒருவன் முயன்று கொடுத்து, ஒரு மாதத் தானியம் கிடைத்தது. அறை வாடகைக்கு வழியில்லை. ஜூன் முதல் வாரத்தில் மேசையைக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போனார்.

அவர் போன நாளிலிருந்து ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. உணவு தானியம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரல் 1 அன்று மத்தியத் தொகுப்பில் இருந்த அரிசியும் கோதுமையும் ஏறத்தாழ 569 லட்சம் டன்; அந்தத் தேதியில் இருக்க வேண்டிய இடையிருப்பு 210 லட்சம் டன் மட்டுமே. அறிவிப்பிலும் தாமதம் இல்லை. முடக்கம் தொடங்கிய மறுநாளே, மார்ச் 26 அன்று, ரூ. 1 லட்சத்து 70 ஆயிரம் கோடி மதிப்பில் ஏழைகள் நலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம். 20 கோடிப் பெண்களின் கணக்கில் மூன்று மாதங்களுக்கு ரூ. 500 வீதம், உழவர்களுக்கு ரூ. 2,000 முன்கூட்டியே. அந்த இலவசத் தானியம் 2022 டிசம்பர் வரை தொடர்ந்தது. உலகில் எந்த நாடும் இத்தனை பேருக்கு இத்தனை காலம் உணவு கொடுத்ததாக நான் அறியேன். பட்டினிச் சாவைப் பெருமளவில் தடுத்தது இந்த ஏற்பாடே என்பதில் எனக்கு ஐயம் இல்லை.

பிறகு ஏன் மக்கள் நடந்தார்கள்? இந்தக் கேள்விக்கு அச்சம், வதந்தி, அறியாமை என்று பல காரணங்களை அக்காலத்திய குறிப்புகளில் எழுதினோம். மார்ச் 28 அன்று டில்லி ஆனந்த் விஹார் பஸ் நிலையத்தில் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். ஏப்ரல் 10 அன்று சூரத் நகரில் விசைத்தறித் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் ஒடிசாவைச் சேர்ந்தவர்கள், ஊருக்கு அனுப்புங்கள், கூலி பாக்கியைக் கொடுங்கள் என்று தெருவில் இறங்கினார்கள். அதற்கு முந்தின நாள்தான் ஒடிசா அரசு தன் மாநிலத்தில் முடக்கத்தை ஏப்ரல் 30 வரை நீட்டித்திருந்தது. முதல் 21 நாள் கெடு முடியவிருந்த ஏப்ரல் 14 அன்று முடக்கம் நீட்டிக்கப்பட்டதும், அதே நாளில் பம்பாய் பாந்த்ரா ரயில் நிலையத்தருகே கூட்டம் கூடியது. நாட்களைக் கவனியுங்கள். ஒரு தேதியைச் சொன்னோம்; அந்தத் தேதிக்கு ஏற்றவாறு அவர்கள் கையிலிருந்த அரிசியையும் பணத்தையும் அளந்து செலவு செய்தார்கள். தேதியை நாம் மாற்றியபோது கணக்கு உடைந்தது.

அவர்கள் எத்திசை நோக்கி நடந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். இலவசத் தானியம் தரும் நியாய விலைக் கடை ஊரில் இருந்தது. ஜன்தன் கணக்கு ஊரில் இருந்தது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை அட்டை ஊரில் இருந்தது. அதற்கென 2020-21இல் வரவு-செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய ரூ. 61,500 கோடி போதாமல் மேலும் ரூ. 40,000 கோடி அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டில் 389 கோடி மனித நாட்கள் வேலை வழங்கப்பட்டது, முந்தைய ஆண்டில் அது 265 கோடியாக இருந்தது. நகரத்தில் அவர்களுக்கு என்று அரசு வைத்திருந்தது முகாமும் கஞ்சியும். ஆக, அரசு எந்த இடத்தில் அவர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்ததோ, அந்த இடத்தை நோக்கி அவர்கள் நடந்தார்கள். நம் திட்டங்களின் விதிகளை நம்மைவிட அவர்கள் சரியாகப் படித்திருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும். அதை ஒழுங்கீனம் என்று நாம் எழுதியது பிழை.

ஊர் திரும்பியவர்கள் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. உத்தரப் பிரதேசத்துக்கு மட்டும் 32 லட்சம், பீஹாருக்கு 15 லட்சம். தொழிலாளர் சிறப்பு ரயில்கள் மே 1 அன்று தொடங்கி நாலாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட நடைகளில் ஏறத்தாழ 63 லட்சம் பேரை ஏற்றிச் சென்றன. அது பெரும் பணியே. ஆனால் முதல் ரயில் கிளம்பியது முடக்கத்தின் 38ஆம் நாளில். மே 8 அன்று மஹாராஷ்டிரத்தின் அவுரங்காபாத் அருகே, ரயில் பிடிப்பதற்காகத் தண்டவாளத்தின் வழியே நடந்து களைத்துத் தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அதைப் பற்றி நான் வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இது நமக்கு முற்றிலும் புதிய அனுபவம் என்றும் சொல்ல முடியாது. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியபோது, எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சில மாதங்களுக்குள் நகரை விட்டு அகன்றனர். ஆலைகளில் ஆள் இல்லை. அக்கால வழக்கப்படி கூலி மாதக்கணக்கில் பாக்கி வைத்தே கொடுக்கப்பட்டு வந்தது. பிளேக் நேரத்தில் எஞ்சிய தொழிலாளர்கள் அன்றாடக் கூலியை அன்றே கேட்டார்கள், ஆலை அதிபர்களும் கொடுக்க நேர்ந்தது. பாக்கி என்பது தொழிலாளியை நகரத்தோடு கட்டிவைக்கும் கயிறு என்று முதலாளிகள் எண்ணியிருந்தார்கள். ஆபத்து வந்தபோது கையில் விழும் காசு மட்டுமே கட்டியது. 1897இன் தொற்றுநோய்ச் சட்டம் அந்தச் சூழலில் பிறந்ததே. 2020இல் அதே சட்டத்தைத் தூசி தட்டி எடுத்துப் பயன்படுத்திய நாம், அச்சட்டம் பிறந்த காலத்தின் கூலி வரலாற்றையும் ஒருமுறை புரட்டியிருக்கலாம்.

கூலியைப் பற்றி ஓர் உத்தரவு போடாமல் இல்லை. 2020 மார்ச் 29 அன்று, முடக்கக் காலத்துக்கு முழுக் கூலி கொடுக்க வேண்டும், வீட்டு உரிமையாளர் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. நோக்கம் நல்லதே. ஆனால் பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவர் விற்பனையே இல்லாமல் எதிலிருந்து கொடுப்பார்? தன் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டு, அதிலேயே வயிறு வளர்க்கும் விதவை என்ன செய்வார்? அரசின் கருவூலத்திலிருந்து வர வேண்டிய ஒரு செலவை, உத்தரவின் மூலம் இன்னோர் ஏழையின் தலையில் ஏற்றினோம். மே 18 முதல் அந்தக் கூலி ஆணை நடைமுறையில் இல்லை. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதுவரை முதலாளிகள்மீது கடும் நடவடிக்கை கூடாது என்றும் கூறியது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கோ நலநிதி இருந்தது. செஸ் வரியாகத் திரண்ட ஏறத்தாழ ரூ. 52,000 கோடி மாநில வாரியங்களிடம் இருப்பதாகவும், பதிவு பெற்றோர் 3.5 கோடி என்றும் மத்திய அரசே கூறி, அதிலிருந்து உதவுமாறு மார்ச் 24 அன்று அறிவுறுத்தியது. பதிவு பெற்றவருக்கு ஓரளவு பணம் போய்ச் சேர்ந்தது. ஆனால் பதிவு பெற ஆண்டில் 90 நாட்கள் வேலை செய்ததற்குச் சான்று வேண்டும். இந்த மாதம் ஒரு மேஸ்திரியிடமும் அடுத்த மாதம் வேறு நகரத்திலும் சித்தாள் வேலை பார்க்கும் பெண்ணுக்கு யார் சான்று எழுதிக் கொடுப்பார்? 1979இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளருக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது; ஒப்பந்தக்காரர் அவர்களது பட்டியலை வைத்திருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. 2020 மார்ச்சில் அந்தப் பட்டியலை நம்பி எந்த மாவட்ட ஆட்சியராலும் ஒரு மூட்டை அரிசியைக்கூட அனுப்ப முடியவில்லை.

சிறு வணிகர்களின் கோபம் வேறு வகையானது. அவர்களுக்கு உத்தரவுகள் புரியவில்லை. மே 1 அன்று மாவட்டங்கள் 130 சிவப்பு, 284 ஆரஞ்சு, 319 பச்சை என்று பிரிக்கப்பட்டன. எது அத்தியாவசியம், எது இல்லை என்ற பட்டியல் அடிக்கடி திருத்தப்பட்டது. ஏப்ரல் 21 அன்று மாணவர்களுக்கான பாடப்புத்தகக் கடைகளும் மின்விசிறிக் கடைகளும் திறக்கலாம் என்று விளக்கம் வந்தது. வட இந்தியக் கோடையில் விசிறி அத்தியாவசியம் என்று தலைநகருக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் தெரியவந்தது. நான் கேலி செய்யவில்லை. மத்தியில் உட்கார்ந்து எழுதும் எந்தப் பட்டியலும் இப்படித்தான் அமையும். விசிறிக்காரர் பிழைத்தார், விசிறியைப் பழுது பார்ப்பவர் பட்டியலில் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். மே 4 முதல் பல மாநிலங்களில் மதுக்கடைகள் திறக்கப்பட்டு நீண்ட வரிசைகள் நின்றபோது, இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்குமேல் கூடக்கூடாது என்று கட்டுப்பட்டிருந்த குடும்பங்களுக்கு என்ன தோன்றியிருக்கும்? மாநிலங்களின் வருவாய் நெருக்கடி நமக்குப் புரிகிறது. அவர்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை.

உயிரா, பணமா என்று அன்று எழுந்த வாதமும் சரியாக அமையவில்லை. செலவு என்பது பணமாக மட்டும் இல்லை. 2019இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் கண்டறியப்பட்டுப் பதிவாயினர். 2020இல் அது சுமார் 18 லட்சமாகக் குறைந்தது. நோய் குறைந்துவிடவில்லை; கண்டுபிடிப்பது குறைந்தது. பஸ் இல்லாததால் சளிப் பரிசோதனைக்குப் போக முடியாதவரின் உயிரும் உயிர்தான். கடனில் தப்பிய மருத்துவச் செலவு, நின்றுபோன பள்ளிப் படிப்பு ஆகியவற்றை இன்று நான் விரிக்கவில்லை; அவை தனித்தனி உரைக்கு உரியவை.

நிர்வாகம் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை, முதல் அலையைவிடப் பன்மடங்கு கொடுமையாக வந்தபோது, நாடு தழுவிய ஒரே முடக்கம் விதிக்கப்படவில்லை. மாநிலங்கள் தத்தம் நிலைமைக்கேற்ப முடிவு செய்தன. தொழிற்சாலைகளும் சரக்குப் போக்குவரத்தும் பெரும்பாலும் நடந்தன. அவ்வாண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டின் உற்பத்தி 2019இன் அளவை எட்டவில்லை என்றாலும் முந்தைய ஆண்டைப்போல் அதலபாதாளத்தில் விழவில்லை. நாட்டின் எந்த நியாய விலைக் கடையிலும் தானியம் வாங்கலாம் என்னும் ‘ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் 2019இல் நான்கு மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கியது. 2020 மே மாதம் உத்தரப் பிரதேசமும் பீஹாரும் சேர்ந்தன. டில்லியில் அது நடைமுறைக்கு வந்தது 2021 ஜூலையில். 2022 ஜூனில் அசாம் சேர்ந்ததோடு நாடு முழுவதும் பரவியது. 2021 ஜூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் கெடு விதித்திராவிட்டால் இது இன்னும் தாமதமாகியிருக்கும் என்று கருதுகிறேன். அதே ஆண்டு ஆகஸ்ட் 26 அன்று அமைப்பு சாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் 30 கோடிக்கு மேற்பட்டோர் பதிவு பெற்றுள்ளனர்.

பதிவு வேறு, பணம் போய்ச் சேர்வது வேறு. ஒரு மாவட்டத்தில் நாளை காலை வேலை நிறுத்தப்பட்டால், அங்கே அந்த நேரத்தில் தங்கியிருக்கும் தினக்கூலிகளுக்கு, அவர்கள் எந்த ஊர்க்காரர்களாயினும், மூன்றாம் நாளுக்குள் ஒரு வாரக் கூலியில் பாதியையாவது கணக்கில் சேர்க்க நம்மால் முடியுமா? என்னைக் கேட்டால், முடியும் என்று ஒப்பமிட்டுத் தர எனக்கு இன்னும் துணிவு இல்லை. கிராமத்தில் வேலை இழந்தவருக்கு 2020இல் ஒரு சட்டம் கைகொடுத்தது. நகரத்தில் வேலை இழந்தவருக்கு அத்தகைய தேசியச் சட்டம் எதுவும் அன்று இல்லை. கேரளம் 2010இலேயே நகர வேலை உறுதித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது, மற்ற மாநிலங்கள் அதை நீண்ட காலம் திரும்பிப் பார்க்கவில்லை.

நீங்கள் மாவட்டங்களுக்கும் அமைச்சகங்களுக்கும் செல்லவிருக்கிறீர்கள். வெள்ளம், புயல், நோய், கலவரம் என ஏதோ ஒரு காரணத்துக்காகக் கடைகளை அடைக்கும் உத்தரவு ஒன்றை நீங்களும் என்றேனும் எழுதுவீர்கள். நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்படும் மசோதாவினால் அரசுக்குச் செலவு நேருமானால், அதனோடு ஒரு நிதிக் குறிப்பை இணைக்க வேண்டும் என்பது விதி. அரசுக்கு வரும் செலவைத்தான் அந்தக் குறிப்பு சொல்லும். மக்களுக்கு வரும் செலவைச் சொல்லும் குறிப்பு எந்த உத்தரவோடும் இணைக்கப்படுவதில்லை. நீங்கள் எழுதும் உத்தரவோடு ஒரே ஒரு பக்கம் அப்படிச் சேர்த்துப் பாருங்கள். என் எல்லைக்குள் இன்று தினக்கூலி வாங்குவோர் எத்தனை பேர், அவர்களில் வெளியூர்க்காரர் எத்தனை பேர், ஒரு நாள் முடக்கத்துக்கு அவர்கள் இழக்கும் கூலி எவ்வளவு, எத்தனையாவது நாளில் எந்தக் கணக்கிலிருந்து அதில் எவ்வளவு அவர்களுக்குச் சேரும், உத்தரவு எந்தத் தேதியில் முடியும், முடியாவிட்டால் எத்தனை நாட்களுக்கு முன்னதாகச் சொல்வோம். அந்தப் பக்கத்தை நிரப்ப முடியாமல் பேனா நிற்கும் இடம் எதுவோ, அங்கிருந்து வேலையைத் தொடங்க வேண்டும். கொள்ளைநோய் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண நாளில் ஒரு வட்டத்தை எடுத்துக்கொண்டு செய்து பார்க்கலாம். என் பணிக்காலத்தில் நான் அதைச் செய்யவில்லை.

இஸ்திரிக்காரர் 2021 பிப்ரவரியில் தனியாகத் திரும்பி வந்தார். இரண்டாம் அலையில் மறுபடியும் ஊருக்குப் போனார். செப்டம்பரில் குடும்பத்தோடு வந்தார். இம்முறை டில்லிக் கடையிலேயே அவரது கார்டுக்குத் தானியம் கிடைத்தது. முதல் மாதம் கருவி அவரது கைரேகையை ஏற்கவில்லை. மனைவியின் ரேகையை ஏற்றது. கரிப்பெட்டியின் சூட்டில் பல ஆண்டுகள் தேய்ந்த விரல்கள் அவருடையவை.